125 வீதத்தில் கரைந்த கூட்டல் குறி: நெல் கொள்வனவு மென்பொருள் ஒன்றின் ஐகன்கள்

கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளையும் நெல்லை வாங்கும் சங்கம் ஒன்றின் கணினியில் வந்த கோளாறு இது. கேட்பதற்குச் சின்ன விசயம்: மென்பொருளின் மேற்பட்டையில் இருக்கும் ஐகன்கள் சில வேளைகளில் மங்கலாகத் தெரிந்தன. ஆனால் காலபோக அறுவடை முடிந்து, மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் வாசலில் வரிசையாக நிற்கும் மாசி மாதத்தில், அந்த மங்கல் ஒரு கமக்காரரின் கணக்கில் கூட்டவேண்டிய நிறையைக் கழித்துவிட்டது.

ஐகனைக் கூர்மையாக வைப்பது அழகுக்காகச் செய்யும் வேலை, நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் நம் துறையிலேயே நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. வேலை நடக்கும் இடத்தில் ஐகனை மனிதர்கள் வாசிக்கிறார்கள், எழுத்தைவிட வேகமாக வாசிக்கிறார்கள். எழுத்து மங்கிய பற்றுச்சீட்டை எவரும் கையில் வாங்கமாட்டார்கள். ஐகனுக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

மேசையில் இருந்தவை

மென்பொருள் சி ஷார்ப் என்ற நிரல்மொழியில், சாளரங்களும் பொத்தான்களும் அமைக்க உதவும் விண்டோஸ் ஃபோர்ம்ஸ் கொண்டு எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் இப்போது இந்தத் தொழிலில் இல்லை. மூலநிரல் சங்கத்திடம் இருந்தது, பராமரிப்பு என்னிடம் வந்தது. கமக்காரரின் பெயர், நெல்லினம், மூட்டை எண்ணிக்கை, நிறை, ஈரப்பதம், கிலோ விலை ஆகியவற்றைப் பதிந்து பற்றுச்சீட்டு அடிப்பதுதான் அதன் வேலை. நாடு, சம்பா, கீரிச்சம்பா என்று இனத்துக்கு ஓர் ஐகன். நெல்லை வாங்கினால் ஓர் ஐகன், ஈரம் கூடிய நெல்லைத் திருப்பிக் கொடுத்தால் இன்னொன்று.

கணினி 15.6 அங்குல மடிக்கணினி, 1920×1080 பிக்சல். அதனுடன் 1366×768 பிக்சல் கொண்ட பழைய மொனிற்றர் ஒன்றை இணைத்திருந்தார்கள். எழுதுவினைஞர் வேலை செய்தது மொனிற்றரில். விண்டோஸ் எழுத்தையும் படத்தையும் பெருப்பித்துக் காட்டும் அளவு வீதம் அதில் 100. மடிக்கணினித் திரை 125 வீதத்தில் இருந்தது. 15.6 அங்குலத்தில் அத்தனை பிக்சல் இருந்தால் விண்டோஸ் வழக்கமாகப் பரிந்துரைப்பது அதைத்தான், யாரும் மாற்றத் தேவையில்லை.

இந்த வீதக் கணக்கு என்னவென்றால், 100 வீதம் என்று விண்டோஸ் சொல்வது அங்குலத்துக்கு 96 புள்ளி என்ற பழைய எடுகோளை. 125 வீதம் என்றால் 120 புள்ளி, 150 என்றால் 144, 200 என்றால் 192. அப்படியானால் 16 பிக்சல் ஐகன் முறையே 20, 24, 32 பிக்சலாக வரவேண்டும். இதில் 32 ஒன்றுதான் 16இன் முழு மடங்கு. தொல்லை முழுக்க நடுவில் இருக்கும் எண்களில்.

தமிழில் வேலை செய்பவர்கள் இந்த வீதத்தைச் சீக்கிரம் கூட்டிவிடுவதைப் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். ணை, ழு, ளை போன்ற எழுத்துகளில் சுழிகள் நெருக்கம். சின்ன அளவில் அவை ஒட்டிக்கொள்ளும். அதோடு நம் பொத்தான் பெயர்கள் நீளம். 'திருப்பிக் கொடுத்தல்', 'விதைநெல் வழங்கல்' என்று எழுதி வரிசையாக வைத்தால் 1366 பிக்சல் அகலத்தில் பட்டை நிரம்பி வழியும். அதனால் இந்த மென்பொருளில் பெயர்களை எடுத்துவிட்டு ஐகனை மட்டும் வைத்திருந்தார்கள். சுட்டியைக் கொண்டுபோய் வைத்தால்தான் பெயர் வரும். அறுவடை நாளில் அதற்கு யாருக்கு நேரம்?

முறைப்பாடு

தொலைபேசியில் எழுதுவினைஞர் சொன்னது இது: "தம்பி, எழுத்தெல்லாம் வடிவாத் தெரியுது. படங்கள்தான் புகை பிடிச்ச மாதிரி. காலமை நல்லா இருந்தது, மத்தியானம் இப்பிடி."

"ஏதும் செற்றிங் மாத்தினீங்களோ அக்கா?"

"நான் ஒண்டிலயும் கை வைக்கேல்லை. கரண்ட் போய் வந்தது, அவ்வளவுதான்."

அந்தக் கடைசி வசனத்துக்குள்தான் பாதி விடை இருந்தது. கரண்ட் போனால் மொனிற்றர் அணையும். மடிக்கணினி பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும். மொனிற்றர் இணைப்பு அறுந்ததாக விண்டோஸ் கண்டால், அதிலிருந்த சாளரங்களை மடிக்கணினித் திரைக்குத் தூக்கிப் போடும். அதாவது 100 வீதத்திலிருந்து 125 வீதத்துக்கு. யாரும் எந்த செற்றிங்கையும் தொடாமலேயே திரையின் அளவு வீதம் மாறிவிடுகிறது. கரண்ட் வந்ததும் சாளரம் மறுபடி மொனிற்றருக்குப் போகும், ஐகன் தெளியும். கோளாறு இருந்ததற்கு அடையாளமே இருக்காது. மின்தடை அடிக்கடி வரும் ஊரில், இந்த வீதமாற்றம் ஒரு மூலையில் நடக்கும் அபூர்வ நிகழ்வு அல்ல. அன்றாடம்.

நெல் நிறுப்பதற்குக் கரண்ட் தேவையில்லை என்பதால் வேலை நிற்கவில்லை. மடிக்கணினித் திரையைப் பார்த்தே அக்கா பதிந்துகொண்டு போனார். கரண்ட் வந்ததும் சேர்த்து அடித்த பற்றுச்சீட்டுகளில் ஒன்றில் நிறைக்கு முன்னால் கழித்தல் குறி. வாங்கும் ஐகனுக்குப் பதிலாகத் திருப்பும் ஐகன் அழுத்தப்பட்டிருந்தது. பதிந்ததை நீக்க முகாமையாளரின் ஒப்புதல் வேண்டும், அவர் அப்போது வெளியே. அந்தக் கமக்காரர் வெயிலில் உழவு இயந்திரத்தோடு காத்து நிற்கவேண்டி வந்தது. காசு கைக்கு வரும் ஒரே நாளில் ஒருவரை அப்படி நிற்கவைப்பதைச் சின்னப் பிழை என்று என்னால் சொல்ல முடியாது.

எதைச் சான்றாகக் கேட்பது

முதலில் வந்தவை கைப்பேசியில் எடுத்த படங்கள். மங்கலைப் பற்றிய முறைப்பாட்டுக்கு அவை உதவாது. திரையின் பிக்சல் கட்டமும் கமராவின் கட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அலை அலையாக வரும், வட்ஸ்அப் அதை இன்னும் சுருக்கும். தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் மென்பொருளும் அப்படித்தான். அங்குள்ள திரையை என் திரையின் அளவுக்குச் சுருக்கித்தான் காட்டும். அங்கே கூர்மையாக இருப்பதுகூட இங்கே மங்கலாகும். அக்காவிடம் கேட்டது, பிரின்ற் ஸ்கிரீன் அழுத்தி, பிஎன்ஜி கோப்பாகச் சேமித்து, வட்ஸ்அப்பில் படமாக அல்லாமல் டொக்கியுமென்ற் ஆக அனுப்பச் சொல்லித்தான். மங்கும் நேரத்தில் ஒன்று, தெளிவான நேரத்தில் ஒன்று. அப்படி அனுப்பினால் ஒரு பிக்சல் ஒரு பிக்சலாகவே வந்து சேரும், பெருப்பித்துப் பார்த்து எண்ணலாம்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தை நீக்கிவிட வேண்டும். மொனிற்றர் அதன் இயல்பான பிக்சல் எண்ணிக்கையில் ஓடுகிறதா? 1366×768 மொனிற்றரை 1024×768இல் ஓட்டினால் எழுத்து, ஐகன், சுவர்ப்படம் எல்லாமே மங்கும், அதற்கு மென்பொருளில் மருந்தில்லை. இங்கே அது சரியாக இருந்தது. தவிர, எழுத்து தெளிவு, படம் மட்டும் மங்கல் என்ற முறைப்பாடே அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

விண்டோஸின் டாஸ்க் மனேஜரில் டீற்றெயில்ஸ் பக்கத்தில், பத்திகளின் தலைப்பை வலச்சொடுக்கினால் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) அவெயார்னஸ் என்ற பத்தியைச் சேர்க்கலாம். எந்த மென்பொருள் திரையின் வீதத்தை அறிந்து நடக்கிறது, எது அறியாமல் நடக்கிறது என்று அது சொல்லும். ஐகன் மங்குகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் பார்க்கச் சொல்வது அந்தப் பத்தியைத்தான். நமது மென்பொருள் அறியாத வகை.

எழுத்து தெளிந்து படம் மங்கியது ஏன்

விண்டோஸில் இந்த விசயத்தில் மென்பொருள்கள் மூன்று வகை. முதல் வகைக்கு வீதம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது எப்போதும் 96 புள்ளிக் கணக்கில் வரையும், விண்டோஸ் அந்தச் சாளரத்தை ஒரு படமாக எடுத்து இழுத்துப் பெருப்பிக்கும். இரண்டாவது வகை, விண்டோஸில் நுழையும்போது பிரதான திரையில் இருந்த வீதத்தைப் பார்த்து அதன்படி வரையும். வேறு வீதமுள்ள திரைக்குப் போனால் அதுவும் இழுபடும். மூன்றாவது வகை, சாளரம் எந்தத் திரையில் நிற்கிறதோ அந்தத் திரையின் வீதத்துக்கு வரையும், வீதம் மாறினால் அப்போதே திரும்ப வரையும். இந்த மூன்றாவது வகை 2013இல் விண்டோஸ் 8.1உடன் வந்தது. அதன் திருத்திய இரண்டாம் பதிப்பு 2017இல் விண்டோஸ் 10இன் கிரியேற்றர்ஸ் அப்டேற்றில் வந்தது. சாளரத்தின் தலைப்புப்பட்டை, மெனு போன்றவற்றை விண்டோஸே பார்த்துக்கொள்வது அந்த இரண்டாம் பதிப்பில்தான்.

நமது மென்பொருள் முதல் வகை என்றால் எழுத்தும் மங்கியிருக்க வேண்டுமே? தேடியபோது காரணம் கிடைத்தது. எழுத்து மங்கல் என்று முன்பு யாரோ சொன்னபோது, கணினி பார்க்க வந்த ஒருவர் மென்பொருளின் புரொப்பர்ற்றீஸில் கொம்பற்றிபிலிற்றி பக்கத்துக்குப் போய், டிபிஐ பகுதியில் சிஸ்டம் என்ஹான்ஸ்ட் என்பதைத் தெரிவு செய்து வைத்திருந்தார். மூலநிரல் கையில் இல்லாதவருக்கு அது நல்ல வழி. அதைப் போட்டால், விண்டோஸின் பழைய வரைமுறையான ஜிடிஐ மூலம் எழுதப்படும் எழுத்துகளை விண்டோஸே பெரிய அளவில் புதிதாக வரைந்து கொடுக்கும். எழுத்துரு கணினியில் இருக்கிறது, எந்த அளவிலும் வரையலாம். ஐகன் அப்படியல்ல. 16 பிக்சல் படமாக மட்டும் இருப்பதை 20 பிக்சலாக வரைய விண்டோஸிடம் வேறு எதுவும் இல்லை. இருப்பதை இழுத்தது.

இரண்டு வெள்ளைப் புள்ளிகள்

அக்கா அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது கண்டதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் பிழை நடந்த இடம் இதுதான்.

வாங்கும் ஐகனும் திருப்பும் ஐகனும் ஒரே மூட்டைப் படம், 16 பிக்சல் சதுரம். வலது கீழ் மூலையில் 5 பிக்சல் அகலத்தில் ஒரு கருநீலச் சதுரம், அதன் நடுவில் வெள்ளைக் குறி. கூட்டல் குறிக்கு 5 வெள்ளைப் பிக்சல், கழித்தல் குறிக்கு 3. வாங்குவதற்கும் திருப்புவதற்கும் திரையில் இருந்த வித்தியாசம் இரண்டே இரண்டு வெள்ளைப் புள்ளிகள், நடுப்புள்ளிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று.

இதை 1.25ஆல் பெருக்குவோம். இடமிருந்து 0, 1, 2 என்று எண்ணினால் கூட்டல் குறியின் நிமிர்ந்த கோடு 13ஆம் பத்தியில் நிற்கிறது. இழுத்தபின் அது 16.25இலிருந்து 17.5 வரை போகும். பிக்சல் பாதியாக உடையாது. எனவே 16ஆம் பத்தியில் முக்கால் பங்கு வெள்ளை, 17ஆம் பத்தியில் அரைப் பங்கு வெள்ளை. முழு வெள்ளையான பத்தி ஒன்றுகூட இல்லை. மேலிருந்து கீழாகவும் இதே கணக்கு. கீழ்ப்புள்ளியை எடுத்தால் அதன் வெள்ளையான இடமே முக்காலின் முக்கால், அதாவது பாதியைவிடக் கொஞ்சம் கூட. மற்ற இடங்களில் அதற்கும் குறைவு. கருநீலத்தின்மேல் பாதி வெள்ளை என்றால் சாம்பல் கலந்த நீலம். 125 வீதத்தில் ஒரு பிக்சல் கோட்டுக்கு நான்கு விதமான இருப்பிடங்கள்தான் உண்டு. அவற்றில் இரண்டில் ஒரு பத்தியாவது முழு நிறத்தில் நிற்கும், மற்ற இரண்டில் எதுவும் நிற்காது. நமது குறி அந்தக் கெட்ட இருப்பிடத்தில் இருந்தது. ஓரிரு பிக்சல் தள்ளி இருந்திருந்தால் முறைப்பாடே வந்திருக்காமல் போயிருக்கலாம்.

மென்மையாக்காமல் அருகிலுள்ள பிக்சலை அப்படியே எடுத்துப் போட்டால் கூர்மை வரும்தானே என்று கேட்கலாம். வரும். ஆனால் 16ஐ 20 ஆக்க, நான்கு பத்திக்கு ஒன்று இரட்டிக்கும். ஒரு கோடு தடிப்பு, பக்கத்துக் கோடு மெலிவு. மூட்டையின் ஒரு தோள் வீங்கிப்போகும். அது மங்கலைவிட அசிங்கம்.

திருத்தம்: அறிந்து நடக்க வைத்தல்

முதல் வேலை மென்பொருளை மூன்றாவது வகைக்கு மாற்றுவது. விண்டோஸ் ஃபோர்ம்ஸ் அடங்கிய மைக்ரோசொஃப்ற் தொகுப்பான டொட்நெட் ஃபிரேம்வேர்க்கில், 4.7 பதிப்பிலிருந்து அந்த ஆதரவு உண்டு. அமைப்புக் கோப்பில் பெர்மொனிற்றர் வி2 என்று குறிக்கவேண்டும், மென்பொருள் தன்னைப் பற்றி விண்டோஸுக்குச் சொல்லும் மனிஃபெஸ்ற் கோப்பில் விண்டோஸ் 10க்கு ஏற்றது என்று அறிவிக்கவேண்டும். இரண்டில் ஒன்றை விட்டால் வேலை செய்யாது. இதைச் செய்ததும் ஐகன்கள் தெளிந்துவிடும் என்று எதிர்பார்க்கக்கூடாது. இனி விண்டோஸ் எதையும் இழுத்துத் தராது என்பதால், 16 பிக்சல் ஐகன்கள் பெரிய எழுத்துகளுக்கு நடுவில் குருவிக்குஞ்சாய்ச் சுருங்கி நிற்கும், அல்லது மென்பொருளுக்குள்ளேயே இழுபடும். பலர் இந்தக் கட்டத்தில் பயந்து பழையபடி மாற்றிவிடுகிறார்கள்.

இங்கே கவனிக்கவேண்டியவை சில. மேற்பட்டைக்கு, படங்களை எந்த அளவுக்குள் அடக்குவது என்று ஓர் இயல்பு உண்டு, இமேஜ்ஸ்கேலிங்சைஸ் என்று பெயர். அதன் ஆரம்ப மதிப்பு 16×16. 48 பிக்சல் படம் கொடுத்தாலும் அது அந்தப் பெட்டிக்குள் அமுக்கிவிடும். வீதம் மாறும்போதெல்லாம் இதையும் மாற்றவேண்டும். அப்புறம், பட்டியல்களுக்குப் படம் கொடுக்கும் இமேஜ்லிஸ்ற். அதன் அளவை மாற்றினால் ஏற்கெனவே உள்ளே போட்ட படங்கள் எல்லாம் அழிந்துவிடும். எனவே அளவை முதலில் வைத்து, படங்களைப் பிறகு திரும்ப ஏற்றவேண்டும். அதன் நிற ஆழமும் டொட்நெட் ஃபிரேம்வேர்க்கில் 8 பிட்டில்தான் ஆரம்பிக்கும். 32ஆக மாற்றாவிட்டால் ஐகனின் ஓரத்து மெல்லிய நிழல் பிக்சல்கள் கெட்டு, ஓரம் அரிவாள் பல் போல வரும். எவ்வளவு நன்றாக வரைந்தாலும் இந்த ஒரு மதிப்பு அதைக் கெடுத்துவிடும்.

மூலநிரலில் நான் வலியுறுத்திய ஒழுங்கு ஒன்றுதான்: எந்தச் சாளரமும் படத்தைத் தன்னிடம் வைத்திருக்கக்கூடாது, பெயரை மட்டும் வைத்திருக்கவேண்டும். பெயரும் திரையின் இப்போதைய புள்ளி எண்ணிக்கையும் கொடுத்தால் சரியான படத்தைத் தரும் ஒரே இடம் இருக்கவேண்டும். வடிவமைக்கும் திரையில் இழுத்துப் போட்ட படங்கள் அத்தனையையும் எடுத்துவிட்டுப் பெயர்களாக மாற்றினோம். மேற்பட்டைக்கு அடிப்படை அளவை 16இலிருந்து 24 ஆக்கினோம். எனவே 100 வீதத்தில் 24, 125இல் 30, 150இல் 36, 200இல் 48. பட்டியல் வரிசைகளுக்கு அடிப்படை 16. ஒருமுறை எடுத்த படத்தைப் பெயரும் அளவும் சேர்ந்த சாவியோடு நினைவில் வைத்துக்கொள்ளும். கரண்ட் போய்வரும் ஊரில் ஒரே நாளில் பலமுறை இந்த மாற்றம் நடக்கும், ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறக்கக்கூடாது.

சாளரத்தின் பெரும்பகுதி வேறு வீதமுள்ள திரைக்குள் போனதும் விண்டோஸ் ஒரு செய்தி அனுப்பும். புதிய புள்ளி எண்ணிக்கையும், சாளரம் இருக்கவேண்டிய புதிய நீள அகலமும் அதில் வரும். அந்த நீள அகலத்தை மதிக்கவேண்டும். நாமே ஒன்றைக் கணக்குப் பார்த்து வைத்தால் சாளரம் பழைய திரைப் பக்கம் சரிந்து, மறுபடி செய்தி வந்து, இரண்டுக்கும் நடுவில் துடித்துக்கொண்டு நிற்கும்.

பொருத்தமான அளவில் படம் இல்லாவிட்டால் என்ன செய்வது? 175 வீதத்தில் 42 பிக்சல் வேண்டும், அதை நாம் வரையவில்லை. சிலர் சொல்லும் வழி, 36 பிக்சல் படத்தை இழுக்காமல் 42 பிக்சல் பெட்டியின் நடுவில் வைப்பது. கூர்மை கெடாது, உண்மைதான். ஆனால் கண் தெரியவில்லை என்று வீதத்தைக் கூட்டியவருக்குச் சின்ன ஐகனைக் காட்டுவது அவர் கேட்டதை மறுப்பது. 48 பிக்சல் படத்தை 42ஆகச் சுருக்குவதையே தெரிவு செய்தோம். சின்னதை இழுப்பதைவிடப் பெரியதைச் சுருக்குவது எப்போதும் மேல். விண்டோஸே ஐகன்களுக்கு அதன் விஸ்ரா பதிப்பிலிருந்து அப்படி ஒரு வழியை வைத்திருக்கிறது.

வரைதல்

நிரலைத் திருத்துவது பாதிதான். நல்ல படம் இல்லாவிட்டால் சரியான அளவைக் கேட்டு என்ன பயன்?

கோடுகளைப் பிக்சலாக அல்லாமல் வடிவக் கணக்காக வைத்திருக்கும் ஒரே ஒரு எஸ்விஜி கோப்பை வைத்துக்கொண்டு எல்லா அளவுக்கும் அதையே வரையவிடலாம் என்ற யோசனை வந்தது. பெரிய அளவுகளுக்கு அது சரி. சின்ன அளவுகளில் அதே பழைய கணக்குத் திரும்ப வரும். 24 பிக்சல் கட்டத்தில் 2 பிக்சல் தடிப்பில் போட்ட கோடு 30 பிக்சலில் 2.5 ஆகும், அந்த அரைப் பிக்சல் சாம்பலாகும். கணினி கோட்டைத் துல்லியமாகத்தான் வைக்கிறது, ஆனால் பிக்சல் கட்டத்தின்மேல் வைக்கவில்லை. எனவே இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் ஒவ்வொரு அளவுக்கும் தனிப் பக்கம் திறந்து, பிக்சல் கட்டத்தைப் போட்டு, கோடுகளின் ஓரம் கட்டத்தில் பொருந்தும்படி வரைந்தோம். 24, 30, 36, 48. பட்டியல் ஐகன்களுக்கு 16, 20, 24, 32. இருபதுக்குக் கிட்டிய ஐகன்களுக்கு இது அலுப்பான வேலை, ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

வரையும்போது ஒற்றை இரட்டைக் கணக்கு ஒன்று வரும். கூட்டல் குறியின் கோடு 2 பிக்சல் தடிப்பு என்றால் குறியின் மொத்த அகலம் இரட்டை எண்ணாக இருக்கவேண்டும்: 6, 8, 10. கோடு 3 பிக்சல் என்றால் ஒற்றை எண்: 7, 9, 11. இதைக் கலந்தால் குறி ஒரு பக்கம் நீளும், அல்லது நடுவுக்கு வர அரைப் பிக்சல் தேவைப்பட்டு மங்கும். 36 பிக்சல் படத்துக்கு 3 பிக்சல் கோடு போட்டதால் அதில் மட்டும் மூலைச் சதுரத்தின் அகலத்தை ஒற்றை எண்ணுக்கு மாற்றவேண்டி வந்தது.

சின்ன அளவுகளில் விவரத்தைக் குறைக்கவேண்டும். மூட்டையின் தையல் கோடுகள் 48இல் இருக்கின்றன, 36இல் பாதி, 24இல் இல்லை. கீரிச்சம்பா நெல்மணி உருவத்தில் சின்னது என்பதைக் காட்ட மூன்று மணிகள் வரைந்திருந்தார்கள். 16இல் அவை மூன்று தூசி. ஒரு மணியை மட்டும் விட்டோம்.

ஆனால் எவ்வளவு கூர்மையாக்கினாலும், மூலையிலுள்ள ஒரு குறியை நம்பி வாங்கலையும் திருப்பலையும் பிரிப்பது எனக்கு மனதுக்கு ஒவ்வவில்லை. அக்காவோடு இருந்து மாற்று வடிவங்களைப் பார்த்தோம். கடைசியில் நின்றது இது: வாங்கும்போது மூட்டையை நோக்கி உள்ளே வரும் தடித்த அம்பு, மூட்டை வலது பக்கம். திருப்பும்போது மூட்டை இடது பக்கம், அம்பு வெளியே. ஐகனின் முழு உருவமே மாறிவிடுகிறது. நிறமும் வேறு, ஆனால் நிறத்தை மட்டும் நம்பவில்லை. "இதெண்டா கண்ணாடி போடாமலே தெரியுது," என்றார். கூர்மையும் வடிவ வேறுபாடும் சேர்ந்துதான் அந்தப் பேச்சு வந்தது. ஒன்றை மட்டும் செய்து விட்டிருந்தால் அறுவடை நெருக்கடியில் பிழை மறுபடி வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மென்பொருளின் சொந்த ஐகன்

டெஸ்க்ரொப்பிலும் டாஸ்க்பாரிலும் தெரியும் ஐகன் ஐசிஓ கோப்பில் இருக்கிறது. ஒரே கோப்புக்குள் பல அளவுப் படங்களை வைக்கலாம். இருந்ததில் 32 ஒன்றுதான். தலைப்புப்பட்டைக்கு 100, 125, 150, 200 வீதங்களில் 16, 20, 24, 32 வேண்டும். டாஸ்க்பாருக்கு 24, 30, 36, 48. இவற்றோடு 40, 64, 256 சேர்த்து, ஜிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் ஒவ்வொரு அளவையும் ஓர் அடுக்காக வைத்து ஐசிஓவாக ஏற்றுமதி செய்தோம். 256 பிக்சல் படத்தை பிஎன்ஜி முறையில் சுருக்கும்படி தெரிவு செய்தால் கோப்பு வீணாகப் பெருக்காது.

ஐசிஓவை மாற்றியும் டெஸ்க்ரொப்பில் பழைய ஐகனே நின்றது. விண்டோஸ் ஐகன்களைத் தனியாகச் சேமித்து வைத்திருந்து அதைத்தான் காட்டும். அந்தச் சேமிப்பைப் புதுப்பித்தால் சரி.

கரண்ட்டைப் பிடுங்கிச் சோதித்தல்

புதிய பதிப்பை நிறுவியதும் அந்தக் கணினியில் எதுவுமே மாறவில்லை. காரணம், முன்பு கொம்பற்றிபிலிற்றி பக்கத்தில் போட்ட தெரிவு. மென்பொருள் தன்னை என்னவென்று அறிவித்தாலும் அந்தத் தெரிவே மேல். அது கோப்பின் இருப்பிடத்தோடு சேர்த்து விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ரியில் பதிந்திருக்கும், எனவே அதே இடத்தில் புதிய பதிப்பைப் போட்டாலும் தொடரும். அதை எடுத்ததும் டாஸ்க் மனேஜர் பத்தி மாறியது, ஐகன்களும் மாறின.

சோதனையை அங்கே நடப்பதுபோலவே செய்தோம். மென்பொருள் திறந்திருக்கும்போதே மொனிற்றரின் பிளக்கைப் பிடுங்குவது, மறுபடி செருகுவது. பதிவு ஒன்று பாதியில் இருக்கும்போது பிடுங்குவது. சாளரத்தை இரண்டு திரைக்கும் நடுவில் நிறுத்துவது. மடிக்கணினியை 125இலிருந்து 150க்குத் திறந்தபடியே மாற்றுவது. ஒவ்வொரு முறையும் பிரின்ற் ஸ்கிரீன் எடுத்து, ஐகனின் ஓரப் பிக்சல்களை எண்ணிப் பார்ப்பது. கண்ணால் பார்த்து நல்லா இருக்கிறது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. கண் பழகிவிடும், எண் பழகாது.

பாதியில் இருந்த பதிவில் ஒரு சிக்கல் தெரிந்தது. நெல்லினம் தெரிவு செய்யும் சின்னச் சாளரம் திறந்திருக்கும்போது திரை மாறினால், பிரதான சாளரம் புதிய ஐகன்களை எடுத்துக்கொண்டது, சின்னது பழையதோடு நின்றது. மேற்சாளரங்கள் ஒவ்வொன்றுக்கும் மாற்றச் செய்தி தனித்தனியாகத்தான் வரும். எல்லாச் சாளரங்களும் ஒரே அடிப்படை வகுப்பிலிருந்து பிறக்கும்படி செய்து, ஐகன் புதுப்பிக்கும் பகுதியை அந்த வகுப்பில் வைத்ததும் தீர்ந்தது.

இன்னும் திருந்தாதது அறிக்கை முன்னோட்டச் சாளரம். அது வெளியாரின் நூலகம், அதன் பொத்தான் படங்கள் அதற்குள்ளேயே 16 பிக்சலில் பூட்டிக் கிடக்கின்றன. விண்டோஸ் 10இன் 2016 பதிப்பிலிருந்து, ஒரே மென்பொருளில் ஒரு சாளரத்தை மட்டும் வீதம் அறியாத வகையாகத் திறக்க வழியுண்டு. அதை அப்படித் திறந்து வைத்திருக்கிறோம். எழுத்தும் படமும் சேர்ந்து கொஞ்சம் மங்கலாகத் தெரியும், ஆனால் பொத்தான்கள் அழுத்தும் அளவில் இருக்கின்றன. அதில் இருப்பது அச்சிடு, மூடு என்ற இரண்டுதான், அவற்றின் பெயர்களைத் தமிழில் பக்கத்திலேயே எழுதிவிட்டோம். மடிக்கணினி இப்போது 150 வீதத்தில் ஓடுகிறது. சங்கத்தின் இன்னொரு கிளையில் ஒருவர் 130 என்று தானாக ஓர் எண்ணை எழுதி வைத்திருந்தார். 24க்கு அது 31.2, எந்தப் படமும் நேராகப் பொருந்தாது, 36 பிக்சல் படம் 31ஆகச் சுருங்கித்தான் வந்தது. அவருக்கு 125ஐயும் 150ஐயும் போட்டுக் காட்டினோம், 150ஐ வைத்துக்கொண்டார்.